வட்டிக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குக் கடன் தாள் ஏன் புரிவதில்லை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டில் அதுவே முதலிடம். மயிலாடியில் 1809இல் கிறித்தவ மறைப்பணியாளர் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளியிலிருந்து எண்ணினால், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிக்கூடம் கண்ட மண் இது. அப்படியிருந்தும், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பைக் கடைக்குள் கடன் தாளை நீட்டினால், கல்லூரி முடித்த பையனும் முதலில் கேட்பது "எங்க கையெழுத்துப் போடணும்?" என்பதைத்தான். நிலம் வாங்கப் போகிறவர்கள் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டே, அதில் எத்தனை சென்ட் இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறார்கள்.

பள்ளிக்கூடம் வாழ்க்கைக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை என்று இதை வைத்துப் பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது உண்மையில்லை. கடன் தாளைப் படிக்க வேண்டிய கணக்கு எட்டாம் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. பட்டாவைப் படிக்க வேண்டிய அளவை மாற்றம் அதற்கும் முன்பே வருகிறது. பாடம் நிற்கிற இடத்துக்கும் அந்தத் தாள் தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரே ஒரு படிதான் குறைகிறது. அந்தப் படி என்ன, ஏன் விட்டுப்போனது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடன் தாளில் இருக்கும் 10 சதவீதம்

தனிவட்டிக் கணக்கில் பாடப்புத்தகம் அசல், ஆண்டு, வீதம் மூன்றையும் கொடுத்துவிட்டு வட்டியைக் கேட்கும். அசல் 1,00,000, வீதம் 10, ஆண்டு 3 என்றால் வட்டி 30,000. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள்.

கடையில் வரும் தாளிலும் இதே எண்கள்தான். ஒரு லட்சம் கடன், 10 சதவீதம், 36 மாதம். 1,30,000ஐ 36ஆல் வகுத்தால் மாதத் தவணை சுமார் 3,611 ரூபாய். கணக்குச் சரியாக வந்துவிட்டதால் பையன் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறான். வங்கியில் 12 சதவீதம் கேட்டார்கள், இங்கே 10தான் என்று சந்தோஷமும் படுகிறான்.

இடறுவது இங்கேதான். பாடப்புத்தகத்துக் கணக்கில் அசல் மூன்று ஆண்டும் அப்படியே கடன் வாங்கியவன் கையில் இருக்கும். கடைசி நாளில்தான் மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பான். தவணைக் கடனில் முதல் மாதத்திலிருந்தே அசல் கரைகிறது. பாதித் தவணை கட்டி முடிக்கும்போது பாக்கி ஏறக்குறைய 57,000. கடைசி மாதம் பாக்கி நிற்பது நாலாயிரத்துக்கும் குறைவு. ஆனால் அந்தக் கடைசி மாதத்துக்கும் முழு ஒரு லட்சத்தின் மேல் 833 ரூபாய் வட்டி போடப்படுகிறது. இதற்குப் பெயர் ஃபிளாட் வட்டி. பாக்கி குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் கணக்கிட்டால், இந்த 10 சதவீதம் உண்மையில் 18 சதவீதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வங்கி கேட்ட 12 சதவீதம் குறையும் பாக்கிக்கான வட்டி, அதுதான் மலிவு.

இத்துடன் நடைமுறைக் கட்டணம் என்று 3,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டால் கையில் வருவது 97,000. தவணை அதே 3,611. இப்போது உண்மையான வட்டி வீதம் 20 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஃபிளாட் வட்டியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிப் பார்ப்பது மனக்கணக்குக்குப் போதும்; மூன்று ஆண்டுத் தவணைக்கு 1.8ஆல் பெருக்கினால் இன்னும் நெருக்கமாக வரும்.

ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு ஒரு விவரத் தாளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில், கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் விழுகிறது என்பதை அதில் எழுத வேண்டும். 'ஏபிஆர்' என்று அதில் இருக்கும் எண்தான் இரண்டு கடன்களை ஒப்பிட உதவும் எண். கேட்காமலே கொடுக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டும் என்பதே தெரியாதவனுக்கு அந்த விதியால் பயனில்லை.

பள்ளி விட்ட படி எதுவென்று இதில் தெளிவாகத் தெரிகிறது. வாய்பாடு சொல்லிக்கொடுக்கப்பட்டது. எந்த நிலையில் அந்த வாய்பாடு பொருந்தாது என்பது சொல்லிக்கொடுக்கப்படவில்லை. தேர்வில் பொருந்தாத கணக்கு வருவதே இல்லை.

ஹெக்டேரும் சென்டும்

குமரியில் நிலம் சென்டில் பேசப்படுகிறது. பத்திரத்திலும் பெரும்பாலும் சென்ட்தான். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு ஓர் ஏர், அதாவது 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அல்லது 40.47 சதுர மீட்டர். ஆகவே ஓர் ஏர் என்பது 2.47 சென்ட். பட்டாவில் 0 - 04.05 என்று எழுதியிருந்தால், ஹெக்டேர் பூஜ்யம், ஏர் 4.05, அதை 2.47ஆல் பெருக்கினால் 10 சென்ட். செல்போனில் பத்து நொடி வேலை. அந்தப் புள்ளிக்கு முன்னால் இருப்பது ஏர் என்று தெரியாததால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல்களும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் – கொச்சியோடு இருந்ததால், கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பழைய மூலப்பத்திரங்கள் மலையாளத்தில் கிடைக்கின்றன. பழைய சர்வே எண் ஒன்று, மறுநில அளவைக்குப் பிறகு வந்த எண் வேறொன்று. தாத்தா பெயரில் உள்ள பத்திரத்தில் பழைய எண் இருக்கும். பட்டாவில் புதிய எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலம்தானா என்று நான்கு எல்லைகளையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதால் எழும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன.

வில்லங்கச் சான்று வாங்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் பதிவானதை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யாத உயிலும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகமும் அதில் வராது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆகவே விற்பவரின் உடன்பிறந்தவர்கள் யார் யார், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று வாரிசுச் சான்றைப் பார்த்து விசாரிப்பது தனி வேலை. வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லாததால் நின்றுபோன கிரயங்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு.

கலங்கரை விளக்கக் கணக்கும் கணிச்சமும்

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலின் இறக்கக்கோணம் இவ்வளவு, கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? முட்டத்துப் பிள்ளையும் இதைப் படிக்கிறது. வாசலில் நின்றால் கலங்கரை விளக்கம் தெரியும் ஊர் அது. ஆனால் அந்தக் கேள்வியைக் கப்பலில் இருப்பவனின் கண்ணிலிருந்து பாடப்புத்தகம் கேட்பதில்லை.

குமரியின் மேற்குக் கடலோர மீனவர்கள் கடலுக்குள் தங்கள் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறைக்குக் கணிச்சம் என்று பெயர். கரையில் உள்ள தேவாலயக் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தூரத்தில் தெரியும் ஒரு மலைமுகட்டையும் ஒரே நேராகப் பிடிப்பார்கள். அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடியைப் பிடித்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில்தான் மீன் கிடக்கும் பாறை. தெற்குக் கடலில் நின்று வடக்கே கரையைப் பார்க்கும்போது, கோபுரம் மலைமுகட்டுக்கு இடப்பக்கம் விலகியிருந்தால் படகு கிழக்கே தள்ளிப் போயிருக்கிறது. வலப்பக்கம் விலகினால் மேற்கே. அருகில் உள்ள பொருள் நாம் நகரும் திசைக்கு எதிராக நகர்வதுபோலத் தெரியும் என்பதுதான் இதன் அடிப்படை. இரண்டு நேர்கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும் என்ற ஆயத்தொலை வடிவியல் முழுக்க இதில் இருக்கிறது. அப்பா தினமும் செய்கிற வேலையும் பிள்ளை தினமும் எழுதுகிற கணக்கும் ஒன்று என்று வகுப்பில் யாரும் சொல்லாததால், பிள்ளைக்குக் கணக்குக் கசக்கிறது. அப்பாவின் அறிவும் படிப்பறிவில்லாத அறிவாகத் தோன்றுகிறது. இரண்டு நஷ்டங்களில் பெரியது எது என்று சொல்வது கடினம்.

வானிலை அறிவிப்பிலும் இதே கதைதான். புயல் எப்படி உருவாகிறது என்று புவியியலில் படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள். ஆனால் "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்" என்ற வரியில் எந்த எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது என்று சொல்லித்தருவதில்லை. முதலில் வருவது தொடர்ந்து வீசும் காற்று. இரண்டாவது வருவது திடீரென்று அடித்து ஓயும் வீச்சு. காற்று ஒரு பரப்பில் கொடுக்கும் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 45இல் இருந்து 65க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குகூட இல்லை. அடியோ இரண்டு மடங்கு. வள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருக்கும் நேரத்தில் அந்த வீச்சு வந்தால் கவிழ்த்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது 65ஐ.

சொற்களுக்கும் அளவு உண்டு. காற்று 31 முதல் 49 கிலோமீட்டர் வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல், அதற்குப் பெயர் வைக்கப்படும். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். பெயர் வைக்காததால் பயமில்லை என்று நினைப்பது தவறு. 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாள் காலையில் ஒக்கிப் புயலாகிவிட்டது. நீரோடி முதல் இரயுமன்துறை வரையிலான எட்டு மீனவ ஊர்கள் அதில் இழந்த உயிர்களுக்குப் பள்ளியைக் குற்றம் சொல்வது அநியாயம். பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்கு எந்தப் பாடமும் உதவியிருக்காது. கரையின் குரல் எட்டுகிற கருவிதான் வேண்டியிருந்தது. கரையில் நின்று, இன்றைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பாடம் உதவும். அவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் படித்தவர்கள்.

ஒரு மதிப்பெண் ஃபார்மிக் அமிலம்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ஃபார்மிக் அமிலத்தின் பயன்களில் ஒன்றாக, ரப்பர் பாலை உறையவைப்பது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். குலசேகரத்திலும் திருவட்டாறிலும் இதை எழுதும் பிள்ளைகளில் பலருடைய வீட்டுப் பின்புறத்திலேயே பால் உறைந்துகொண்டிருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று பாருங்கள். மரத்திலிருந்து வரும் பாலில் உலர் ரப்பர் 30 முதல் 40 சதவீதம். சீட் (ரப்பர் தாள்) அடிக்க அதைத் தண்ணீர் விட்டு 12.5 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அப்போது நாலு லிட்டர் பாலில் அரைக்கிலோ சீட் விழும். மறுநாள் உருளையில் அடிப்பதானால் அரைக்கிலோவுக்குச் சுமார் 1 மில்லி அமிலம், அதையும் 200 மில்லி தண்ணீரில் கலந்து. அன்றைக்கே அடிப்பதானால் இரண்டு மடங்கு. அமிலம் குறைந்தால் அடியில் தங்கும் தண்ணீர் தெளியாமல் பால்நிறமாகவே இருக்கும். அந்த நிறத்தில் போவது ரப்பர்தான். கூடினால் சீட் முறுகிப்போகும். நுரையை வழித்து எடுக்காவிட்டால் சீட்டுக்குள் குமிழி விழும், தரம் ஒரு படி இறங்கும், கிலோவுக்கு விலை குறையும். விலை மலிவென்று கந்தக அமிலத்தை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கழுவிப் போகாமல் தங்கும் அமிலம் சீட்டையும் உருளையையும் கெடுத்துவிடும். செறிவு, நீர்த்தல், கூழ்மம், உறைதல் என்று நான்கு பாடங்கள் ஒரே அலுமினியத் தட்டில் இருக்கின்றன. அந்தத் தட்டை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் ஒரு மதிப்பெண் வரி ஒரு வாரப் பாடமாகும்.

பால்வெட்டு இன்னும் கூர்மையான வேலை. பால் குழாய்கள் அதிகம் இருப்பது மரத்தின் வளரும் படலத்துக்கு ஒட்டினாற்போல் வெளியே. அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கத்தி நிற்க வேண்டும். மேலே நின்றால் பால் குறையும், உள்ளே போனால் பட்டை முடிச்சு முடிச்சாகத் திரும்பி வளரும்; அடுத்த சுற்று வெட்ட அந்தப் பக்கம் உதவாது. இது புத்தகத்தில் வரவே வராத அறிவு. கை பழகித்தான் வரும்.

கையையும் ஏட்டையும் பிரித்தது எது?

இந்த மாவட்டத்தின் பழைய பள்ளிகள் இப்படிப் பிரிந்திருக்கவில்லை. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த மறைப்பணியாளர் மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். அந்த வருமானத்தைக் கொண்டு அடிமைநிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பியது. இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

பிறகு ஏன் விலகினோம் என்பதற்கு மதிக்கத்தக்க காரணம் ஒன்று உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் நாளைக்கு மூன்று மணி. மிச்ச நேரம் பெற்றோரின் தொழில். முடிதிருத்துபவர் மகன் முடிதிருத்தவும் சலவைக்காரர் மகள் துணி வெளுக்கவும் என்று அது போய் நிற்கும் என்பதால் குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. குமரி அப்போது அந்த மாநிலத்தில் இல்லை. ஆனால் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் ஏட்டைப் பிடித்துத்தான் தலைநிமிர்ந்தார்கள் என்பது இங்கேயும் பட்டறிந்த உண்மை. அதனால்தான், பள்ளியில் வாழ்க்கைத் தொழில் என்று யாராவது பேசினால் இன்றும் பெற்றோருக்கு வயிறு கலங்குகிறது. அந்தக் கலக்கம் நியாயமானது.

ஆகவே மீனவர் பிள்ளைக்கு மீன்பிடியும் பால்வெட்டுபவர் பிள்ளைக்குப் பால்வெட்டும் என்று பிரித்துக் கொடுக்கக் கூடாது. காற்றின் அறிவிப்பை மலையோரப் பிள்ளையும் படிக்கட்டும். ரப்பர் தட்டைக் கடலோரப் பிள்ளையும் பார்க்கட்டும். கடன் தாளும் பட்டாவும் எல்லோருக்கும் பொது. வெளிநாட்டு வேலை ஒப்பந்தமும் அப்படியே. பத்தாம் வகுப்புத் தேறியவரின் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை இருக்காது. படிப்பு கொடுக்கும் நேரடிப் பலன் அது. ஆனால் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கலாமென்று விதித்திருக்கும் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே என்பதும், முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம் என்பதும், சுற்றுலா விசாவில் போய் வேலை செய்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதும் எந்த வகுப்பிலும் வருவதில்லை. அமீரகத்தில் வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம். மொத்தம் 1,500 திர்ஹம் என்று பேசி, அடிப்படை 800, படிகள் 700 என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஆண்டுக்கு 560 திர்ஹம்தான் சேரும். ஆங்கிலப் பாடத்தில் கடிதம் எழுதும் பயிற்சிக்குப் பதில் ஒருமுறை இப்படியொரு ஒப்பந்தத்தைப் படிக்கக் கொடுக்கலாம்.

இரண்டு பாடவேளையில் செய்யக்கூடியது

புதிய பாடம் ஒன்றைச் சேர்ப்பதை நான் எதிர்க்கிறேன். வாழ்க்கைத் திறன் என்று ஒரு புத்தகம் வந்தால் அதற்கும் வினா வங்கி வரும், அதையும் மனப்பாடம் செய்வார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிறது, நல்லதுதான். ஆனால் கடன் தாள் விஷயம் எட்டாம் வகுப்பிலேயே முடிய வேண்டியது.

இருக்கிற பாடத்தின் கடைசியில் ஓர் உண்மையான தாளைச் சேர்த்தால் போதும். தனிவட்டி முடிந்ததும், பெயரும் முகவரியும் மறைத்த ஒரு தவணைக் கடன் தாளை நகலெடுத்து பெஞ்சுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். கையில் வந்தது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, பன்னிரண்டாம் மாதம் அசலில் பாக்கி எவ்வளவு என்று மூன்றே கேள்விகள். மூன்றாவதற்கு மாதம் மாதமாக ஓர் அட்டவணை போட வேண்டியிருக்கும். அதைப் போடும்போதுதான் ஃபிளாட் வட்டியின் கோளாறு பிள்ளைக்குத் தானாகக் கண்ணில் படும். இரண்டு பாடவேளை ஆகும்.

இது கெட்டுப்போவதற்கும் வழி தெரிந்ததே. நேரமில்லாத ஆசிரியர் விடையைப் பலகையில் எழுதிப்போட்டுவிடுவார். பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொள்வார்கள். பெஞ்சுக்குப் பெஞ்சு தொகையையும் மாதத்தையும் மாற்றிக் கொடுத்தால் அது நடக்காது. நூறு சதவீதத் தேர்ச்சிக்காக மாதிரி வினாத்தாளை மட்டுமே ஓட்டும் பள்ளிகளில், தேர்வில் வராத எதற்கும் இடம் கிடைக்காது என்பதும் தெரியும். ஆகவே கேள்வி தேர்வுத்தாளிலேயே வர வேண்டும். இப்படி ஒன்று:

ஒரு பட்டாவில் பரப்பு 0 - 03.64 என்று உள்ளது. விற்பவர் இதை 10 சென்ட் என்கிறார். சென்ட் விலை 5 லட்சம் ரூபாய். வாங்குபவர் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கப் போகிறார்? முன்பணம் கொடுப்பதற்கு முன் அவர் பார்க்க வேண்டிய வேறு இரண்டு ஆவணங்கள் எவை? (5 மதிப்பெண்)